பள்ளத்துக்குள் நத்தை

மூன்று வாரத் தாடியோடு உள்ளே வந்த ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், உள்ளங்கையளவு கல் ஒன்றை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் பூகம்பமென்று அடுத்த தெருக்காரர்கள் வெளியே ஓடிவந்திருப்பார்கள்.

"போய்ச் சேர்ந்த என் மனைவி கடைசியா ஓடையில எடுத்த கல்லுல, கல்லாகிப்போன நத்தை ஒண்ணு பாதி வெளியே புடைச்சு நின்னுச்சு. அதைத் திருடிட்டு, இந்தப் பள்ளம் விழுந்த கல்லை வச்சிட்டாங்க."

அருங்காட்சியகத்தில் முப்பது வருடம் கற்களோடு மட்டுமே பேசிப் பழகியவர் 'கல்லுக்கண்ணர்'; கல்லில் சிக்கல் என்றால் ஊரார் அவர் வீட்டைத்தான் தேடி வருவார்கள். அவர் வாய் திறக்குமுன் அவருடைய மைத்துனர் துள்ளினார். "யார் மேல சந்தேகம்?"

"பக்கத்து வீட்டு முடிதிருத்துநர். தினமும் சாயங்காலம் சதுரங்கம் ஆட வருவார். மூஞ்சிக்கு நேரா திருடன்னு சொல்லிட்டேன்." பிறகு தணிந்த குரலில், "இப்போ கதவைத் தட்ட யாருமே இல்லை" என்றார்.

"பிடிச்சு உள்ள தள்ளிடலாம் அத்தான்!"

"சும்மா இரு மச்சான். சார், வேற யாரும் வீட்டுக்கு வரலியா?"

"தங்கச்சி வந்து ரெண்டு நாள் இருந்தா. வீட்டையே தேய்ச்சுத் தள்ளிட்டா. பத்து வருஷமா குழாய்ல படிஞ்சு கிடந்த வெள்ளைகூடக் காணாமப் போச்சு."

கல்லுக்கண்ணர் லென்ஸை எடுத்தார். பள்ளத்தின் விளிம்பில் கடுகளவு வெள்ளை ஒட்டியிருந்தது. ஒரு சொட்டு வினிகர் விட்டார். வெள்ளை நுரைத்தது, கல் கம்மென்று கிடந்தது.

"குழாய்ப் படிவும் சுண்ணாம்பு, உங்க நத்தையும் சுண்ணாம்பு; வினிகர் பட்டா ரெண்டும் கரையும். தங்கச்சி, அழுக்குக் கல்லுன்னு நினைச்சு இதையும் வினிகர்ல ஊறப் போட்டிருக்காங்க. அது நத்தையைத் தின்னுடுச்சு. சுத்தியிருந்த களிப்பாறையைத் தொடலை. இது அதே கல்லுதான் சார். திருட்டே நடக்கலை."

"அப்போ நத்தை போயிடுச்சா?" ஓட்டுநர் பள்ளத்தை விரலால் தடவினார்.

கல்லுக்கண்ணர் ஈரக் களிமண்ணைப் பள்ளத்தில் அழுத்தி, மெல்ல உரித்தெடுத்தார். சுருள் சுருளாக ஒரு நத்தை வெளியே வந்தது.

"இது பாறைக்குள்ள புதைஞ்சிருந்த பக்கம். உங்க மனைவியே பார்த்ததில்லை."

ஓட்டுநர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையாவது உள்ளே தள்ளத் துடித்த மைத்துனர், அதைப் பத்திரமாக வைக்கத் தன் கைக்குட்டையை விரித்தார். உலக அதிசயங்களில் சேர்க்கவேண்டிய சங்கதி.

"இன்னொண்ணு எடுக்க முடியுமா?"

"எத்தனை வேணும்னாலும்."

"ஒண்ணு போதும். பக்கத்து வீட்டு வாசல்ல வெறுங்கையோட போய் நிக்க முடியாது."