உருளுவதும் நழுவுவதும்

மூவாயிரம் களைக்கண்ணன்களும் வரப்பில் ஏறி நின்று இன்றோடு மூன்று நாள். பன்னிரண்டு ஆண்டுகளில் அவை வேலைநிறுத்தம் செய்தது இதுவே முதல் தடவை. ஒவ்வொன்றின் முதுகுத் திரையிலும் ஒரே வரி: ‘களை தெரியவில்லை.’

களைக்கொல்லி மருந்துகள் தடை செய்யப்பட்ட பிறகு டெல்டாவுக்குச் சோறு போட்டவை இந்த ஆறுகால் எந்திரங்கள்தாம். நெல்லைப் போல இல்லாத எதையும் வேரோடு பிடுங்கிவிடும். ஒரு சொட்டு மருந்து கிடையாது. ஆனால் கொஞ்சம் நெல்லைப் போல இருந்த புல் தப்பித்து விதை போட்டது. அதன் வாரிசுகளில் இன்னும் கொஞ்சம் நெல்லைப் போல இருந்தது தப்பித்தது. இருபத்து நான்கு போகம் இப்படிச் சலித்ததில், அச்சு அசலாக நெல்லைப் போலவே ஒரு புல்லை எந்திரமே வளர்த்துவிட்டிருந்தது. இந்தப் போகம் விதைத்ததைப் போல இரண்டு மடங்கு ‘நெல்’ நின்றது. எதைப் பிடுங்குவது?

பொறியாளர் இளம்பரிதி, செங்கமலத்தை ஜீப்பில் அழைத்து வந்தான். அவளைப் பார்த்துத்தான் எந்திரம் களையெடுக்கப் பழகியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அவள் கையால் களையெடுத்தபோது நெற்றியில் கேமரா கட்டினார்கள். விரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

“எல்லாம் விதை வயலு, அக்கா. அடுத்த போகத்துக்கு வேற நெல்லு இல்ல. இன்னும் மூணு நாள்ல புல்லு கிளைச்சுத் தூர் கட்டிருச்சுன்னா நெல்லு மூச்சுமுட்டிச் செத்துரும்.”

“லேபுக்கு அனுப்பலாமே தம்பி?”

“ஒரு வாரம் ஆகுமாம். நேத்து எந்திரத்துக்குத் தொட்டுப் பாக்குற விரல் மாட்டினோம். அடித்தண்டைத் தொட்டா ரெண்டு ரகம் இருக்குன்னு அதுக்குப் புரியுது. எது நெல்லுன்னுதான் தெரியல. நீங்க சொல்லுங்க.”

செங்கமலம் சேற்றில் இறங்கினாள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் எந்திரங்களுக்கு மேற்பார்வையாளர், கையில் சேறு பட்டதில்லை. தண்ணீருக்குள் கைவிட்டு அடித்தண்டை இரு விரலால் தேய்த்தாள். ஒன்று உருண்டது. இன்னொன்று சப்பையாக நழுவியது. இதில் எது? அந்த நாளில் களையெடுக்கும் பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே போவார்கள், வேலையைக் கை பார்த்துக்கொள்ளும். அதை வாயால் சொல்லவேண்டிய தேவை வந்ததே இல்லை.

“தெரியுதாக்கா?”

வரப்பில் இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாவட்டத்திலேயே சிறந்த களைக்காரி என்று பட்டயம் வாங்கியவள், தெரியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வாள்?

“தெரியாம என்ன? உருளுறதுதான் களை. பிடுங்கச் சொல்லுங்க.”

ஒரு களைக்கண்ணன் கற்றால் மூவாயிரமும் கற்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வயலில் இறங்கின. மதியத்துக்குள் டெல்டாவின் விதை வயல்கள் அத்தனையும் பாதியாக மெலிந்தன. இளம்பரிதி கண் கலங்கி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கூட்டம் கலைந்ததும் செங்கமலத்துக்கு மகளிடமிருந்து போன் வந்தது. வயலுக்குள் நின்றபடியே எடுத்தாள். இடது கையால் காதில் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டியாடி? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்று கேட்டுக்கொண்டே குனிந்து நடந்தாள். மகள் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நிமிடம் பேசியிருப்பாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் நடந்துவந்த வழியில் ஒரு பயிர்கூட இல்லை. எந்திரம் விட்டுவைத்திருந்த சப்பைத் தண்டு அத்தனையையும், களையெடுக்கும் பழைய பழக்கத்தில், அவளுடைய வலது கை பிடுங்கி வரப்பில் எறிந்திருந்தது.