மூன்று ஊசிக்கும் எழாதவன்

பீப்... பீப்... பீப்...!

ப்ரென்னாவின் இடுப்பிலிருந்த பேஜர் அலறியது.

'கோட் ப்ளூ. இரண்டாவது மாடி. மருந்து ஸ்டோர் ரூம்.'

காலை மணி பத்து இருபது. வாயருகே கொண்டுபோன காபியை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள்.

ப்ரென்னா தீலன். வயது இருபத்தாறு. பார்மசி பட்டம் வாங்கிய கையோடு மில்வாக்கியின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு வருட ரெசிடென்சி பயிற்சிக்கு வந்தவள். யாருக்காவது மூச்சு நின்றுபோய் 'கோட் ப்ளூ' அழைப்பு வந்தால் டாக்டர்களோடு ஓடி, சரியான மருந்தைச் சரியான அளவில் எடுத்து நீட்டுவது அவள் வேலை. பயிற்சி முடிய இன்னும் மூன்றே வாரம்.

பதினோரு மாதமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் ஸ்டோர் ரூமில் ஏது நோயாளி...?

கதவைத் தள்ளினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

தரையில் மல்லாந்து கிடந்தவன் டோபின் யேகர்! அவளோடு பயிற்சியில் இருக்கும் இன்னொரு ரெசிடென்ட்! பதினோரு மாதமாக ஒரே மேஜையில், ஒரே பீட்சாவைப் பிய்த்துத் தின்றவன்!

இடது கையில் குத்தியபடி ஒரு சிரிஞ்ச். பக்கத்தில் காலி ஃபென்டனில் பாட்டில். வலிக்குக் கொடுப்பது, போதைக்குத் திருடப்படுவது.

"பராக்குப் பார்க்காதே ப்ரென்னா! நாலாக்ஸோன் எடு!" என்று கத்தினாள், டோபினின் வாயில் மூச்சுப் பையை அழுத்திக்கொண்டிருந்த டாக்டர் வாண்டா குபியாக். ஐ.சி.யு.வின் தலைமை டாக்டர்.

ப்ரென்னா மருந்தை சிரிஞ்சில் இழுத்துக் கொடுத்தாள். ஃபென்டனில் போதையை நொடியில் முறிக்கும் மருந்து அது.

ஒரு ஊசி. அசைவில்லை.

இரண்டாவது. ம்ஹும்!

மூன்றாவது... அதற்கும் எழவில்லை!

"இதயம் துடிக்குது... மூச்சுதான் இல்ல. குழாய் போடறேன்." குபியாக் அவன் தொண்டைக்குள் குழாயை இறக்கினாள். "தாடை தொளதொளன்னு கிடக்கு. மயக்க மருந்தே வேணாம் போலிருக்கே!"

வாசலில் ஒரு பெருமூச்சு கேட்டது.

டாக்டர் மெரிட் ஹால்வர்சன் நின்றிருந்தார். ரெசிடென்சி பயிற்சியின் தலைவர். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைத் தாடி, கழுத்தில் போ டை.

"இப்படி ஆகும்னு பயந்துட்டே இருந்தேன்..." என்றார் அவர். "ரெண்டு மாசத்துல பதினாலு ஃபென்டனில் பாட்டில் காணோம். எல்லாமே டோபின் பேர்ல எடுத்தது. இன்னிக்குக் கூப்பிட்டுப் பேசலாம்னு இருந்தேன்."

"டோபினா? ஒரு பீர் குடிச்சாலே தூங்கிப் போறவன் சார் அவன்!"

"போதைக்காரன் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான், ப்ரென்னா?"

அவளுக்கு அழுகை முட்டியது. அழ நேரம் இல்லை.

* * *

ஐ.சி.யு. மணி பத்து ஐம்பது.

மெஷின் டோபினுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் டிடெக்டிவ் வெர்ன் ராட்கி. டையில் கடுகுச் சாஸ் கறை. காலை உணவு சாஸேஜ் என்பது அதிலேயே தெரிந்தது.

"எழுந்தா கைது. லைசென்ஸ் காலி. அஞ்சு வருஷமாவது உள்ளே," என்றார் ராட்கி. "எழலேன்னா எனக்கு பேப்பர் வேலை மிச்சம்."

"கொஞ்சம் வெளியே போய்ப் பேசுங்க சார்!"

"கோபம் வருதா? வரட்டும்மா. உன் ஃப்ரெண்டு இல்லையா!" ராட்கி சமாதானமாகச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு நகர்ந்தார்.

ப்ரென்னா டோபினின் கையைப் பிடித்தாள்.

"டேய்... கேக்குதாடா? உன்னைத் திருடன்கறாங்க. எழுந்து ரெண்டு திட்டு திட்டேண்டா..."

மானிட்டரில் இதயத் துடிப்பு தொண்ணூற்றாறு.

நூற்றுப் பதினெட்டு...

நூற்று முப்பத்து நான்கு!

ப்ரென்னா பேச்சை நிறுத்தினாள். எண் இறங்கியது.

"டோபின்!"

மறுபடியும் ஏறியது!

அவசரமாக அவன் இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். கண்மணி அகலமாக இருந்தது. வெளிச்சம் பட்டதும் சுருங்கி, மறுபடி விரிந்தது.

ஃபென்டனில் என்றால் கண்மணி ஊசிமுனை மாதிரி ஆகியிருக்க வேண்டுமே! நாலாக்ஸோன் முறித்திருந்தால் மூச்சும் திரும்பியிருக்க வேண்டுமே!

அவன் கண்ணோரம் ஒரு துளி நீர் கிளம்பிக் காதுக்குள் வழிந்தது.

கடவுளே...!

இது போதை மருந்தே இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் உடம்பை அசையாமல் போடுகிற மருந்து. ரோக்குரோனியம்! உடம்பில் ஒரு தசை அசையாது, மூச்சுத் தசை உட்பட. ஆனால் புத்தி முழுசாக விழித்திருக்கும். எல்லாம் கேட்கும். எல்லாம் வலிக்கும்.

டோபின் விழித்துக்கொண்டுதான் இருக்கிறான்!

யாரோ அவனைக் கொல்லப் பார்த்துவிட்டு, ஃபென்டனில் பாட்டிலைப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்!

அடுத்து அவள் செய்தது எந்த ரெசிடென்டும் செய்யக்கூடிய காரியம். எந்த மருந்தைச் சிபாரிசு செய்வதானாலும் முதலில் பயிற்சித் தலைவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பதினோரு மாதப் பழக்கம். நாலு கட்டில் தள்ளி டாக்டர் குபியாக் இருந்தும், கை தானாகப் போனை எடுத்தது.

"டாக்டர் ஹால்வர்சன்! டோபினுக்கு யாரோ தசையை முடக்கற மருந்து போட்டிருக்காங்க. ரோக்குரோனியம்னு நினைக்கிறேன். சுகமாடெக்ஸ் கொடுத்தா முறிஞ்சிடும். கொடுக்கலாமா?"

மறுமுனையிலிருந்து உடனே பதில் வந்தது.

"சபாஷ்! கொடுக்கலாம். நானே கீழேயிருந்து எடுத்துட்டு வரேன். பத்து நிமிஷம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. கொலைகாரன் அங்கேயே இருக்கலாம்."

போனை வைத்தாள். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலடி நடந்தாள். திரும்பினாள். ஏதோ நெருடியது.

ஹால்வர்சன்... கேள்வியே கேட்கவில்லை!

காய்ச்சல் மாத்திரைக்குக்கூட, ஏன் இந்த மருந்து, ஏன் இந்த அளவு, தப்பாகப் போனால் என்ன செய்வாய் என்று குடைந்தெடுக்கிற மனுஷன்! அவர் அறையிலிருந்து அழாமல் வெளியே வந்த ரெசிடென்ட் கிடையாது. இன்று ஒரே பேச்சில் 'சபாஷ்'!

அதோடு, அந்த மருந்து ஐ.சி.யு. அலமாரியிலேயே இருக்கிறது. பத்தடி தூரம். அதை எடுக்கக் கீழே போவானேன்? பத்து நிமிஷம் எதற்கு?

திருட்டுப் போனதைச் சொல்ல வீடு தேடிப் போய்த் திருடன் வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறாள்!

"டாக்டர் குபியாக்!"

முப்பது நொடியில் கொட்டித் தீர்த்தாள்.

"நீ சொல்றது தப்பா இருந்தா?" குபியாக்கின் புருவம் உயர்ந்தது.

"ஒண்ணும் ஆகாது டாக்டர். சரியா இருந்தா ரெண்டு நிமிஷத்துல விரல் அசையும்."

"உங்க தலைவர் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டார். அதுதான் டாக்டர் பயமா இருக்கு!"

குபியாக் அலமாரியைத் திறந்தாள்.

மருந்து உள்ளே போனது.

ஒரு நிமிஷம்...

ஒன்றரை...

டோபினின் சுண்டுவிரல் துடித்தது! அடுத்து மணிக்கட்டு. அடுத்து... இமைகள் திறந்தன!

"ராட்கி சார்! உள்ளே வாங்க, சீக்கிரம்!"

* * *

ஹால்வர்சன் சொன்னபடி பத்தாவது நிமிஷம் வந்தார். கையில் மருந்து நிரப்பிய சிரிஞ்ச். டோபின் கண்மூடிக் கிடந்தான். பக்கத்தில் ப்ரென்னா மட்டும்.

"குபியாக் எங்கே?"

"வேற கேஸ் பார்க்கப் போயிருக்காங்க சார்."

"நல்லது. நீ போய் முகம் கழுவிட்டு வாம்மா. நான் போட்டுடறேன்."

"மருந்து பாட்டிலைக் காட்டுங்க சார். ரெண்டு பேர் சரிபார்க்கணுமே!"

"குப்பையில போட்டுட்டேன். என்னையே சரிபார்க்கிறியா?"

"சுகமாடெக்ஸ்தானே சார் இது?"

"பின்னே?"

"அப்ப ஒரு சொட்டு உங்க கையிலயே போட்டுக்குங்களேன். நல்லா இருக்கிறவங்களை அது ஒண்ணும் பண்ணாது. பாடம் எடுத்ததே நீங்கதான்!"

சிரிஞ்சைப் பிடித்த ஹால்வர்சனின் கை ஓரடி பின்னால் போனது.

"ப்ரென்னா... வெளியே போ."

"போட்டுக்குங்க சார்!"

"போன்னு சொல்றேன்ல!"

அவர் டோபினின் குழாயை நோக்கிப் பாய்ந்தார். டோபினின் கை எழுந்து அவர் மணிக்கட்டைக் கவ்வியது! அந்தக் கையில் பலம் பாதிதான் இருந்தது. ஆனால் மிச்சத்தைப் பயம் பார்த்துக்கொண்டது. ஹால்வர்சன் வீலென்று அலற, சிரிஞ்ச் தரையில் உருண்டது.

திரை விலகியது. குபியாக். அவளுக்கு முன்னால், துப்பாக்கியோடு ராட்கி.

"அந்தச் சிரிஞ்சை யாரும் மிதிச்சிடாதீங்க," என்றார் ராட்கி. "லேப்காரங்க ஆசையா எதிர்பார்ப்பாங்க."

* * *

மாலை நான்கு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். சிரிஞ்சில் இருந்தது பொட்டாசியம் என்று லேப் அதற்குள் சொல்லிவிட்டது. ஒரே நொடியில் இதயத்தை நிறுத்தியிருக்கும்.

"ஒவ்வொரு ரெசிடென்டும் ஒரு ஆராய்ச்சி பண்ணணும்ல..." டோபினின் குரல் கரகரத்தது. "ரத்தான ஆபரேஷனுக்கு எடுத்த மருந்தெல்லாம் எங்கே போகுதுன்னு பாருன்னார். தலைப்பு கொடுத்ததே ஹால்வர்சன்தான்!"

"திருடனே கொடுப்பானா?" ராட்கிக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரி மேலிடம் யாரையாவது பார்க்கச் சொல்லி நெருக்கிச்சாம். ரெசிடென்ட் ஆராய்ச்சியை எவனும் முடிக்கமாட்டான், முடிச்சாலும் எவனும் படிக்கமாட்டான்னு கணக்குப் போட்டிருக்கார். நான் முடிச்சிட்டேன். நூத்துக்கணக்கான பாட்டிலை ஏழு வருஷமா வெளியே வித்திருக்கார். கடைசிப் பதினாலுக்கு என் பேரைப் போட்டார். இன்னிக்குக் காலைல ஸ்டோருக்குக் கூப்பிட்டு, கழுத்துல சுருக்குன்னு குத்தினார். விழுந்தப்புறம்தான் கையில சிரிஞ்சைச் செருகினார்..." அவன் கண்கள் நிறைந்தன. "எல்லாம் கேட்டுச்சு ப்ரென்னா. நீ அவர்கிட்ட எனக்காகப் பரிஞ்சு பேசினது உட்பட."

ப்ரென்னா அவன் கையை இறுக்கிக்கொண்டாள். இப்போது அழ நேரம் இருந்தது. அழுதாள்.

அழுகைக்கு நடுவே சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"ஐயையோ டோபின்! மூணு வாரத்துல நம்ம சர்டிபிகேட்! பயிற்சித் தலைவர் கையெழுத்து இல்லாம அது செல்லாதே! இப்ப எங்கே போய் வாங்கறது?"

ராட்கி தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஸ்டேஷனுக்கு எடுத்துட்டு வாங்க! விடிய விடிய வாக்குமூலத்துல கையெழுத்துப் போடப்போற மனுஷன்... கூட ரெண்டு போட்டா விரலா தேஞ்சிடும்?"