வலப்பக்க வீல்!

போன் அலறியது.

ராஜபாளையத்தில், மாடியில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்த ஷெரின் ஓடி வந்து எடுத்தாள்.

"ஆல்வின் சம்சாரமா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்ல இருந்து பேசுதோம். உங்க வீட்டுக்காரரை அரெஸ்ட் பண்ணியிருக்கு. ஒடனே வாங்க!"

ஈரச் சேலை கையிலிருந்து நழுவியது.

பஸ்ஸில் வழியெல்லாம் ஜெபம். ஸ்டேஷனுக்குள் நுழைந்தால்... லாக்கப் கம்பிகளுக்குப் பின்னால் அவள் கணவன்!

"ஷெரின்! நான் இல்லடி... சத்தியமா நான் இல்ல!"

இன்ஸ்பெக்டர் மாரிசெல்வி நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. பானுப்பிரியான்னு ஒரு மில்லுப் பொண்ணு. புதன்கிழமை சாயங்காலம் சுந்தரபாண்டியம் ரோட்டுல சைக்கிள்ல போயிருக்கா. எதிர்ல வந்த ஒரு வெள்ளைக் கார் உரசித் தள்ளிட்டு நிக்காமப் போயிருச்சு."

"ஐயோ..."

"விழுந்த பொறவும் செத்த நேரம் உசுரோட கெடந்திருக்கா. தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பா!"

"காரு நம்பரு?"

"விழல. பெட்ரோல் பங்க் கேமராவுல காரோட வலப்பக்கம் மட்டும்தான் தெரியுது. ஆனா அந்த வீலைப் பாருங்க!"

வேகத்தடையில் கார் தயங்கிய இடத்தில் வீடியோவை நிறுத்தினார்.

அலாய் வீல். அதன் கம்பிகள் நேராக இல்லை. காத்தாடி இறக்கை மாதிரி வளைந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நிற்கும்போதே சுழல்வது போல ஒரு தோற்றம்!

"இந்த வட்டாரத்துல இந்த வீல் போட்ட வெள்ளைக் கார் உங்களது மட்டும்தான். இன்னிக்கே மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறேன்."

"மேடம், அவிய எறும்பைக்கூட மிதிக்க மாட்டாவ..."

"எல்லாப் பொண்டாட்டியும் இதைத்தாம்மா சொல்லுதாக!"

ஷெரின் தள்ளாடியபடி வெளியே வந்தாள். வாசலில் அவர்களுடைய கார் நின்றது. ரெண்டு வருஷமாக அதில் போகிறாள். வீலை ஒரு நாளும் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தாள்.

சட்டென்று ஸ்டேஷன் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"மேடம்! ஓடி வாங்க!"

மாரிசெல்வி வெளியே வந்தார்.

"எங்க காருல ரெண்டு பக்கமும் கம்பி பின்னாடி சாஞ்சிருக்கு. வீடியோவுல இருக்க காருல முன்னாடி சாஞ்சிருக்கு! ரிவர்ஸுல போற மாதிரி! நல்லாப் பாருங்க மேடம்... ஒங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்!"

மாரிசெல்வி குனிந்தார். நிமிர்ந்தார். உள்ளே போய் வீடியோவைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி குனிந்தார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரை வரவழைத்தார்கள். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது அந்த வீல் இல்ல மேடம். டிசைன் ஒண்ணுதான். ஆனா சாய்வு நேர் எதிர்!"

லாக்கப் திறந்தது.

"காரை எடுத்துட்டுப் போங்க சார். கூப்பிட்டா வரணும்," என்றார் மாரிசெல்வி, அரை மனதோடு.

காரில் ஏறியதும் ஷெரின் விம்மி விம்மி அழுதாள். ஆல்வின் அவள் தலையைத் தடவினான்.

"நீ மட்டும் இல்லன்னா நான் காலி! இரு, உனக்குப் பால்கோவா வாங்கிட்டு வாரேன்."

கடை முன் நிறுத்தி இறங்கினான்.

சீட்டில் கிடந்த அவன் செல்போன் ஒலித்தது. 'அன்சார் வீல் கடை' என்றது திரை. ஷெரின் எடுத்தாள்.

"அக்காவா? அண்ணன் இல்லியா? புது வீல் எப்படி இருக்குன்னு கேக்கத்தான் கூப்புட்டேன்."

"புது... வீலா?"

"வியாழக்கெழம காலையில மாத்துனேமே! மொதல்ல வாங்கும்போது எங்கிட்ட லெஃப்ட் சைடு வீல்தான் இருந்துச்சு. நாலையும் அதுலயே போட்டுட்டாவ. வலப்பக்கம் பாத்தா வண்டி பின்னாடி போற மாதிரி இருக்கும். 'யாரு பாக்கப் போறா'ன்னுட்டாவ!"

ஷெரின் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப... எதுக்கு மாத்துனாவ?"

"வலப்பக்கம் முன் வீல் நெளிஞ்சு போச்சுல்லா! ரைட் சைடு வீலும் ஸ்டாக் வந்திருந்துச்சு. வலப்பக்கம் ரெண்டையும் சரியாப் போட்டுக் குடுத்தேன்."

"பழைய வீலு?"

"கடையிலதான் கெடக்கு. நெளிஞ்சதுல என்னமோ துப்பட்டாத் துணி சுத்திக்கிட்டு இருக்குக்கா... எங்க சிக்குச்சு?"

ஷெரின் போனை அணைத்தாள்.

செத்த நேரம் உசுரோட கெடந்திருக்கா...

கதவு திறந்தது. ஆல்வின் சிரித்தபடி பால்கோவாவை நீட்டினான்.

"சூடா இருக்கு. தின்னு."

அந்தக் கையையே பார்த்தாள். ஜெபிக்க ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"ஏங்க... ஒரு கையெழுத்து விட்டுப் போச்சாம். ஸ்டேஷனுக்குத் திருப்புங்க."

"இதுக்கு வேற அலையணுமா?" சலித்துக்கொண்டே திருப்பினான்.

வாசலில் நின்ற மாரிசெல்வி புருவம் உயர்த்தினார்.

"என்னம்மா... எதையும் மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்களா?"

ஷெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனைக் காட்டினாள்.

"இல்ல மேடம்... மறந்து எடுத்துட்டுப் போயிட்டேன்!"