கதவைப் பார்த்த முளைகள்

மின்காந்தத்தை அணைத்து நெடுநேரமாகியும் பயறு முளைகள் நிமிரவில்லை.

காந்தப் புலத்தில் விதை சீக்கிரம் முளைக்கிறதா, வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. ஈரப் பஞ்சின் புழுங்கிய வாடையும், குளிர்சாதனத்தின் விடாத முனகலும், யார் முகத்தையும் நோயாளி முகமாக்கிவிடும் ஊதா வெளிச்சமும் அவளுக்குப் பழகிப்போனவை. ஆனால் இன்று தட்டுத் தட்டாக அத்தனை முளைகளும் காந்தச் சுருளை விட்டுத் திரும்பி, சொல்லிவைத்தாற்போல் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தன.

கதவு திறந்தது. அவள் கணவன்.

"என்னம்மா, கிளம்புற எண்ணம் இருக்கா? இல்ல, உன் பிள்ளைங்களுக்குத் தாலாட்டு பாடணுமா?"

விபத்துக்குப் பிறகு இரும்புக் கம்பி வைத்த கால். அதை இழுத்தபடி வந்து மேசையோர நாற்காலியில் சாய்ந்தான். முளைகளும் அவனோடு திரும்பின. புதுத்துணி உரசுவதுபோல் ஒரு சரசரப்பு.

அவள் அவன் தோளை உலுக்கினாள். "அங்க உக்காராதீங்க. எழுந்து வாங்க."

"கொஞ்சம் இரு. கால் கடுக்குது." கண்ணை மூடிக்கொண்டான்.

ஏதோ ஒரு சுருளில் இன்னும் மின்சாரம் ஓடுகிறது, வேறென்ன? தனக்குத்தானே சமாதானம் சொல்லியபடி வெளியே நடைவழிக்கு ஓடி, மெயின் சுவிட்சை இறக்கினாள்.

இருட்டு. முனகல் நின்றது.

உள்ளே ஏதோ உறிஞ்சும் சத்தம்.

சுவிட்சை ஏற்றிவிட்டு ஓடிவந்தாள். தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. நூல் நூலாக வெள்ளை வேர்கள் மேசைக்கால் வழியாக இறங்கி, அவன் கால்சட்டைக்குள் ஏறியிருந்தன. பிடித்து இழுத்தாள். வந்தன. வந்துகொண்டே இருந்தன. வெதுவெதுப்பாக. நுனியெல்லாம் சிவப்பு.

அவன் நெளிந்து சிரித்தான். "என்ன பண்ற? கூசுது!"

"வலிக்கலையா?"

"வலியா? கால் இருக்கிறதே தெரியல."

எழுந்தான். இழுக்காமல், நொண்டாமல், நேராக அவளை நோக்கி நடந்து வந்தான். போன உயிர் திரும்பியதுபோல் அவள் அவன் கையைப் பற்றினாள். கை ஜில்லென்றிருந்தது.

"வீட்டுக்குப் போயிடலாம். வாங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

நாக்கின் மேல், மடங்கிய இரண்டு சின்ன இலைகள். மெல்ல விரிந்தன. அவள் பக்கம் திரும்பின.