மேஜைக்காலில் கட்டிய கேபிள்

ஈரத்துணியில் சுற்றிய போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: "இதுல இருக்குற போட்டோ கிடைக்கலேன்னா நாளையிலேர்ந்து எனக்கு வேலை இல்ல."

செல்போன் பழுதுபார்க்கும் கடையின் சொந்தக்காரியை எல்லாரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது பத்தாவது, அறுத்துப் பார்க்காத போன் கிடையாது. கடையில் உதவிக்கு இருந்த பட்டதாரிப் பெண்ணுக்குப் 'பட்டாசு' என்று பெயர் வைத்ததும் அவள்தான். வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் பட்டாசு. வாங்கின பிறகுதான் பட்டம் வேறு, மரியாதை வேறு என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து மூக்குமேல் கோபம்.

டாக்டர் போனைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "போர்டு முழுக்கப் பச்சை பூத்துடுச்சு. இந்த போன் அவ்வளவுதாம்மா. நடந்ததைச் சொல்லு."

போனோடு வந்தவள் கட்டட ஆய்வு அலுவலகத்தில் பயிற்சி ஊழியர். சேர்ந்து மூன்று மாதம். அங்கே யார் புதிதாக வந்தாலும் பெயர் 'புதுசு'தான். புதன்கிழமை ஆள் இல்லாத பழைய விடுதிக்குத் தனியாகப் போய், ஐந்து மாடி ஏறி, விரிசல்களை நூற்று நாற்பது படம் எடுத்தாள். மாலையில் அவற்றை அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். வியாழக்கிழமை போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. வெள்ளிக்கிழமை அதே படங்களோடு அறிக்கை வந்தது, சீனியர் பெயரில்.

"கேட்டா, நானே போய் எடுத்தேன்னு சாதிக்கிறாரு. நான் அந்தப் பக்கமே போகலையாம், பொய் சொல்றேனாம். முதலாளியும் நம்பிட்டாரு. நாளைக்கு என்னை நிரந்தரம் பண்றதா, அனுப்புறதான்னு முடிவு."

"எந்த போன்ல எடுத்ததுன்னு போட்டோலயே பதிவாகியிருக்குமே!" என்று பாய்ந்தாள் பட்டாசு.

"ஆபீஸ் குடுத்த போன்க்கா. ரெண்டு பேருக்கும் ஒரே மாடல்."

"அவர் போன்ல அந்தப் படம் இருக்கா?"

"இடம் பத்தலைன்னு அழிச்சிட்டாராம்."

"சட்டையைப் பிடிச்சுக் கேட்டா..."

"பட்டன்தான் கையில வரும்," என்றாள் டாக்டர். "நீ எப்படிம்மா அனுப்பின?"

"வைஃபைல. எனக்கு முன்னாடி இருந்த பொண்ணு போறப்ப சொல்லிக்குடுத்தா."

"அவரு?"

"கேபிள்ல ஏத்தினேன்னு சொல்றாரு."

"அப்ப அந்த கேபிளைப் பாத்துட்டு வரலாம்."

அந்த அலுவலகத்தின் போன்களெல்லாம் டாக்டரிடம்தான் பழுதுக்கு வரும். அதனால் மூன்று பேரும் உள்ளே வந்து பார்க்க முதலாளி மறுக்கவில்லை. அறையில் ஒரே கம்ப்யூட்டர். அதிலிருந்து தொங்கிய கேபிளைப் பிளாஸ்டிக் பட்டையால் மேஜைக்காலோடு இறுகக் கட்டியிருந்தார்கள். பட்டைமேல் சுவர்ப் பெயிண்ட் சொட்டிக் காய்ந்து, காலோடு காலாக ஒட்டியிருந்தது.

"மூணு கேபிள் காணாமப் போச்சு. அதான் கட்டிப் போட்டேன்," என்றார் முதலாளி. "பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே. ஆறு மாசம் இருக்கும்."

சீனியர் சிரித்த முகத்தோடு வந்தார். "பாப்பா ஏதோ கனவு கண்டிருக்கு. சின்னப் பொண்ணு, விடுங்க."

"விடலாம் சார்," என்றாள் டாக்டர். "வைஃபைல அனுப்பினீங்களா?"

"அந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியாது. கேபிள்தான்."

"வீட்டுலேர்ந்து கொண்டுவந்த கேபிளா?"

"எதுக்கு? இதான். எப்பவும் இதுலதான் ஏத்துவேன். அஞ்சு நிமிஷ வேலை."

"ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

செருகினார். போன் 'டிங்' என்றது; பேட்டரி பச்சையானது. "பாத்தீங்களா, சேர்ந்துடுச்சு!"

"சரி, கம்ப்யூட்டர்ல உங்க போனைத் திறங்க."

திரையில் போனே இல்லை. பிடுங்கினார், செருகினார், வாயால் ஊதினார். முதலாளியின் கழுத்து ஒட்டகம்போல் நீண்டது. "செட்டிங் மாறியிருக்கும்," என்றார் சீனியர்.

டாக்டர் தன் பையிலிருந்து வேறொரு கேபிளை எடுத்து அதே போனில், அதே கம்ப்யூட்டரில் செருகினாள். சார்ஜ் மட்டும் போதுமா, கோப்புகளை மாற்ற வேண்டுமா என்று போன் கேட்டது. இரண்டாவதைத் தொட்டாள். சீனியரின் குடும்பப் படங்கள் திரையில் வரிசையாக விரிந்தன.

"போன்லயும் கோளாறில்ல, கம்ப்யூட்டர்லயும் இல்ல. உங்க கேபிள்ல கரண்ட் போற கம்பி மட்டும்தான் இருக்கு சார். படம் போற கம்பியே கிடையாது."

முதலாளி விழித்தார். "அது... மேஜை விளக்கோட வந்த கேபிள். எல்லாரும் சார்ஜ் போடுறாங்களேன்னு..."

"இவரும் சார்ஜ்தான் போட்டாரு. 'டிங்'னு சத்தம் வந்துச்சு, படமும் இப்படித்தான் போகும்னு நினைச்சுட்டாரு. ஒரே ஒரு தடவை ஏத்திப் பாத்திருந்தாக்கூட இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டாரு. இந்த ஆறு மாசத்துல இவர் ஒரு படம்கூட இங்க ஏத்தினதில்ல."

பட்டாசுக்கு அப்போதுதான் திரி பற்றியது. "அப்ப ஆறு மாசமா இவர் பேர்ல போன ரிப்போர்ட்டெல்லாம் யார் எடுத்த படம்?"

"மூணு மாசம் என்னுது," என்றாள் புதுசு. "அவர் எடுத்ததோட என்னுதையும் சேர்க்கிறாருன்னு நினைச்சேன். அதுக்கு முன்னாடி, வேலைக்கே போகாம ஊர் சுத்துறான்னு இவர் சொல்லி நீங்க அனுப்பினீங்களே சார், அந்தப் பொண்ணோடது."

சீனியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சிரிப்பு எங்கோ போயிருந்தது. "மூட்டு போயிடுச்சு சார். மாடி ஏற முடியல. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களோன்னு பயம்."

"ஏற முடியலேன்னா ஏற முடியலேன்னு சொல்லணும்," என்றாள் பட்டாசு. "ஏறினவளைப் பிடிச்சுத் தள்ளக் கூடாது."

முதலாளி கடிதத்தாளை எடுத்தார். "நாளைக்கு வரைக்கும் எதுக்கு? உன்னை இப்பவே நிரந்தரம் பண்றேன்மா."

புதுசு கை நீட்டவில்லை. "முதல்ல நீங்க அனுப்பின பொண்ணுகிட்டப் பேசுங்க சார்." பட்டாசின் போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேஜையில் வைத்தாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். யார் என்று சொன்னார். தப்பு தன்மேல் என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. "திரும்ப வேலைக்கு வர்றியாம்மா?"

மறுமுனையில் பேருந்து இரைச்சல் கேட்டது. பிறகு நிதானமான ஒரு குரல்: "ரிப்போர்ட்ல யார் பேர் போடுவீங்க சார்?"

"எடுத்தவங்க பேர்."

இரைச்சல் நின்றது. இறங்கிவிட்டாள் போலிருக்கிறது.

"நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு வந்துடறேன்," என்றது குரல்.