காட்டாற்றில் கிளம்பாத கார்

நிஸ்வா நகர மருத்துவமனையில் என் மனைவி ஸுவைனாவின் காலுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு, மாலை அஸர் தொழுகை முடிந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலை நீட்டிக்கொள்ள வசதியாக அவள் பின் சீட்டில் இருந்தாள். முன்னால் நான் மட்டும்.

எங்கள் ஊர்ப் பாதை ஒரு காட்டாற்றின் வறண்ட படுகையைக் குறுக்கே கடக்கும். போன வாரம்தான் அதில் வெள்ளம் வந்து, யாரோ வெளியூர்க்காரர்களின் வண்டியை அடித்துக்கொண்டு போனது. கணவன் பிழைத்தான். மனைவியின் உடல் இன்னும் கிடைக்கவில்லை.

படுகையின் நடுவே பாதையை மறித்து ஒரு பேரீச்ச மரத்துண்டு கிடந்தது. காரை அணைத்துவிட்டு இறங்கி, அதைப் புரட்டித் தள்ளினேன். திரும்பி வந்து சாவியைத் திருகினேன்.

ஒரு சத்தமும் இல்லை.

"நேத்து இஞ்சினுக்குள்ள தண்ணியப் பீச்சி அடிச்சீங்கல்ல, அதான். காரைக் குளிப்பாட்டாதீங்கன்னா கேட்டாத்தானே!" என்றாள் ஸுவைனா.

"ஆட்டுக்குட்டியத் துரத்திக்கிட்டு ஓடிக் காலை ஒடிச்சுக்கிட்டவ பேசுறா பாரு."

அவள் சிரித்தாள். நான் ஹாரனை அழுத்தினேன். அலறியது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அப்படியென்றால் பேட்டரியில் கோளாறு இல்லை. பானெட்டைத் தூக்கி ஒயர்களை ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக, காய்ந்தே இருந்தன. ஃபியூஸும் சரி.

போனில் சிக்னல் இல்லை. வடக்கே மலை உச்சி கறுத்து, இடி உருண்டது. அங்கே மழை பெய்தால், ஒரு துளிகூட விழாத இந்த இடத்துக்கும் வெள்ளம் வந்துவிடும்.

உள்ளே வந்து உட்கார்ந்தபோது சேற்று வாடை அடித்தது.

"கியரைப் பாருங்க," என்றாள் ஸுவைனா, மெதுவாக.

கியர் 'டிரைவ்'இல் இருந்தது. ஆட்டோமேட்டிக் கார் அதில் ஸ்டார்ட் ஆகாது. காரணம் கிடைத்த நிம்மதியில் சிரித்துக்கூட விட்டேன். ஆனால் இறங்கும்போது 'பார்க்'இல் போட்டது நன்றாக நினைவிருந்தது. மறுபடி பார்க்குக்குத் தள்ளிவிட்டுச் சாவியைத் தொட்டேன்.

டக்.

கியர் தானாக டிரைவுக்கு நகர்ந்திருந்தது.

மறுபடி தள்ளினேன். இந்த முறை கையை எடுக்கவில்லை.

என் கையின் மேல் ஒரு ஈரக் கை படிந்தது.

"ஸுவைனா..."

"சத்தம் போடாதீங்க." அவள் குரலில் கேலி இல்லை. "உங்க பக்கத்துல உக்காந்திருக்காங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில், ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து, பாறைகள் உருளும் ஓசை வந்தது.

"உன்னைத் தூக்கிக்கிட்டு ஓடிடறேன்."

"கரை வரைக்கும் முடியாதுங்க."

பிறகு அவள் முன் சீட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"அக்கா, உங்கள இங்கயே விட்டுட்டுப் போயிட மாட்டோம். எங்க வீட்டுக்கு வாங்க. கஹ்வா குடிச்சிட்டு நிதானமாப் போகலாம்."

என் கைமேல் இருந்த குளிர் விலகியது. கியர் பார்க்கிலேயே நின்றது. சாவியைத் திருகியதும் கார் உறுமிக் கிளம்பியது.

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நின்ற இடத்தின் மேல் பழுப்பு நிறத் தண்ணீர் புரண்டு போய்க்கொண்டிருந்தது.

வழியெல்லாம் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினேன். வீட்டு முற்றத்தில் ஸுவைனாவைத் தூக்கி இறக்கினேன். முன் சீட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அங்கிருந்து எங்கள் கூடம் வரை ஈரக் கால்தடங்கள் போயின.

திரும்பி வந்த தடம் இல்லை.

ஸுவைனா பேரீச்சம்பழத் தட்டை வைக்கச் சொன்னாள். கூஜாவிலிருந்து மூன்று கோப்பைகளில் ஏலக்காய் மணக்கும் கஹ்வாக் காப்பியை ஊற்றினாள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன் கிசுகிசுப்பாக.

"கூப்பிட்டது நான்தானே. வந்தவங்கள வெறுங்கையோட உக்கார வைக்கவா?"

மூன்றாவது கோப்பையில் கஹ்வா மெல்ல மெல்லக் குறைந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, போதும் என்றால் விருந்தாளி கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டுவார். அதுவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஸுவைனா காத்திருந்தாள். பிறகு மறுபடி ஊற்றினாள்.

ரமலான் வந்து போய்விட்டது. நோன்பு நாட்களில் மட்டும் அந்தக் கோப்பை சூரியன் சாய்ந்த பிறகே காலியாயிற்று.

இன்றுவரை ஒருமுறைகூட அது ஆடவில்லை.