அப்பாவுக்கு வந்த ஐஸ்கிரீம் வேலை

எங்கள் அப்பாவுக்கு ஏமாற்றுக்காரர்கள் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி.

“உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, பேங்க் நம்பரைச் சொல்லுங்க” என்று கைப்பேசியில் குழைந்து குழைந்து பேசுவார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் பட்டென்று வைத்துவிடுவார்கள். அப்பா வைக்க மாட்டார். நன்றாகப் பேச விட்டு, கடைசியில் ஒரு போடு போடுவார். அதை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அப்பா பெயர் அர்ச்சுனன். மலேசியாவில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் சுங்கை காடுட் தொழிற்சாலைகளில் விடுகிற பஸ்ஸை ஓட்டுகிறார். நான் புனிதா. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். என் அக்கா லோகேஸ்வரி பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சரியாகச் சாப்பிடவில்லை. தலைகூட வாரவில்லை. மடிக்கணினியில் மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள்.

விஷயம் இதுதான். படிப்பை முடிக்க வேண்டுமென்றால் அக்கா ஏதாவது ஒரு நிறுவனத்தில் சில மாதங்கள் வேலை பழக வேண்டும். உள்ளூரில் கேட்ட இடமெல்லாம் ஆள் நிரம்பிவிட்டது. அயர்லாந்தில் ஓர் ஐஸ்கிரீம் தொழிற்சாலை மட்டும் கணினி வழியாக அவளை நேர்காணல் செய்தது. “வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்கிறோம்” என்றார்கள். அதுவும் போய்விட்டால் வேறு இடம் தேட நேரமில்லை. படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும்.

“ஐஸ்கிரீம் செய்யுறதுக்கு அவ்வளவு தூரம் போவணுமா? ரந்தாவ் பாசார் கடையில இல்லாத ஐஸ்கிரீமா?” என்று அம்மா முதலில் கேலி செய்தார். ஆனால் அந்த வாரம் முழுவதும் சாமி விளக்கில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டவரும் அம்மாதான்.

எங்கள் வீட்டில் அக்காவின் கைப்பேசிக்கு லைன் சரியாகக் கிடைக்காது. அதனால் அப்பாவின் எண்ணையும் கொடுத்திருந்தாள். “லோகேஸ்வரின்னு யாராச்சும் கேட்டா உடனே எங்கிட்ட குடுத்துடுங்கப்பா. நான் பக்கத்துல இல்லன்னா, திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க” என்று சொல்லியும் வைத்தாள்.

அன்றிலிருந்து அப்பா கைப்பேசியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். மழை பெய்தால் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு வைத்தார்.

“இத்தனை பையில சுத்தி வச்சா அடிக்கிற சத்தம் எப்படிங்க கேக்கும்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வரை எந்தத் தகவலும் வரவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அக்கா கோவிலுக்குப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் அப்பா பஸ்ஸை நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“இன்னைக்கு ஒன்னு வசமா மாட்டுச்சு! கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பீங்க” என்றார்.

அம்மா கரண்டியும் கையுமாக வந்தார். நான் வீட்டுப்பாடத்தை மூடி வைத்தேன்.

“ஃபேக்டரி கேட்ல பஸ்ஸைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். வெளிநாட்டு நம்பர் ஒன்னு அடிக்குது. எடுத்தா ஒரு வெள்ளைக்காரி. என்னா கேக்குறா தெரியுமா? ‘ஹலோ, மிஸ் அர்ச்சுனன்?’ங்குறா. மிஸ்! இந்த மீசையைப் பாத்தா மிஸ்ஸு மாதிரியா இருக்கு?”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

“நான் விட்டேனா? ‘யெஸ், அர்ச்சுனன் ஸ்பீக்கிங்’னேன். அவ்வளவுதான், ஆரம்பிச்சுட்டா. உங்களுக்கு வேலை ரெடி, தங்குறதுக்கு ரூம் நாங்களே தர்றோம், எப்ப வர்றீங்கன்னு கேக்குறா. அதே பழைய கதை! நம்ம தெரு ஹேமநாதன் மருமகனை இப்படித்தானே வெளிநாட்டுல வேலைன்னு ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்க? அவன் திரும்பி வர்றதுக்குள்ள அந்தக் குடும்பம் பட்ட பாடு!”

“அப்புறம் நீங்க என்னா சொன்னீங்க?” என்று அம்மா கேட்டார்.

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். குரலைக் கனமாக்கிக்கொண்டார். “மேடம்! ஐ ஆம் போலீஸ் இன்ஸ்பெக்டர்! வி டோன்ட் வான்ட் யுவர் ஜாப்! நெவர் கால் திஸ் நம்பர்! அப்படின்னு ஒரு சத்தம் போட்டேன் பாரு, கேட்ல நின்ன காவலாளி எனக்கே சல்யூட் அடிச்சிட்டாரு. அப்புறம் நம்பரை பிளாக் பண்ணிட்டேன்.”

“அப்படித்தான் குடுக்கணும்!” என்று அம்மா கரண்டியை ஆட்டினார்.

நானும் சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

மிஸ் அர்ச்சுனன். இதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேனே!

நேர்காணல் அன்றுதான் கேட்டேன். மடிக்கணினியின் சார்ஜர் வயர் அடிக்கடி கழன்றுவிடும். அதனால் நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கணினியில் பேசிய ஃபியோனா என்ற அம்மையார், “குட் மார்னிங், மிஸ் அர்ச்சுனன்” என்றார். அக்காவும் அதைத் திருத்தாமல் “குட் மார்னிங்” என்றாள்.

“உன்னை ஏன் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க?” என்று பிறகு கேட்டேன்.

“நம்ம பேருக்குப் பின்னாடி அப்பா பேரைப் போடுறோம் இல்ல? அவங்க ஊர்ல கடைசியா வர்றது குடும்பப் பேரு. வீட்டுல எல்லாருக்கும் அதே பேருதான். அவங்க கணக்குல நானும் அர்ச்சுனன், நீயும் அர்ச்சுனன்.”

“அம்மாவுமா?”

“அம்மாவும்தான்!”

அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஐயையோ, அப்பா விரட்டி அடித்தது ஏமாற்றுக்காரியை இல்லை! அக்காவின் வேலையை!

அப்படியே கத்திவிடலாம் போல இருந்தது. ஆனால் அப்பா இன்னும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தபடி நின்றார். தன் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் “என் மக அயர்லாந்து போகப் போறா” என்று சொல்லி வைத்தவர் அவர். அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? அதோடு, நான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம் இல்லையா?

“அப்பா, ஹேன்போனைக் கொஞ்சம் குடுங்க” என்று வாங்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன்.

மடிக்கணினியில் அந்த ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் பக்கம் திறந்தே கிடந்தது. அடியில் தொலைபேசி எண் இருந்தது. அப்பா தடுத்து வைத்திருந்த எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றேதான்.

அப்பா பின்பக்கக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டை நீட்டினேன்.

“அப்பா, பதறாம கேளுங்க. அந்த வெள்ளைக்காரம்மா தேடினது உங்களை இல்ல. அக்காவை.”

பெயர் விஷயத்தைச் சொன்னேன். எண்ணைக் காட்டினேன். அப்பா துண்டை முகத்தில் வைத்தவர் வைத்தபடியே நின்றார். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார்.

“லோகேஸ்வரின்னோ ஐஸ்கிரீம்னோ ஒரு வார்த்தை காதுல விழுந்திருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா? என் கையாலயே கெடுத்துட்டேனே, புனிதா! என் புள்ளைக்கு நானே குறுக்க நின்னுட்டேனே!”

அப்பாவின் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

“அக்காகிட்ட சொல்லிடாதம்மா” என்றார் மெதுவாக.

“சொல்லாம இருக்க முடியாதுப்பா. ஆனா அதுக்கு முன்னாடி ஃபோன் போட்டுப் பாப்போம். அங்க இப்பதான் மத்தியானம். ஆபீஸ்ல ஆள் இருப்பாங்க.”

“அப்ப நீ பேசு லா. உன் இங்கிலீஷ் நல்லா இருக்கும்.”

“நான் பேசினா சின்னப்புள்ள விளையாடுதுன்னு வச்சிடுவாங்க. வேணாம்னு சொன்ன குரல்தான்பா வேணும்னு சொல்லணும். அப்பதான் நம்புவாங்க.”

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“முதல்ல என்னா சொல்லணும்?”

“ஸாரி சொல்லணும்.”

“அப்புறம்?”

“நான் இன்ஸ்பெக்டர் இல்லன்னு சொல்லணும்.”

“அதை வேற சொல்லணுமா?”

“கண்டிப்பா சொல்லணும்பா.”

தடுப்பை எடுத்துவிட்டு, தொழிற்சாலையின் பக்கத்தில் இருந்த எண்ணையே பார்த்துப் பார்த்து அழுத்தினேன். ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லையோ என்று நினைத்த நேரத்தில், “ஹலோ, ஃபியோனா பேசுகிறேன்” என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது.

“ஹலோ மேடம்! ஸாரி மேடம்! ஐ ஆம் நாட் போலீஸ் இன்ஸ்பெக்டர்! ஐ ஆம் பஸ் டிரைவர்!”

“ஹூ இஸ் திஸ்?” என்றது அந்தக் குரல்.

“மேடம், டோன்ட் கட் லா! ப்ளீஸ்!” என்று அப்பா கெஞ்சினார்.

பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தார். அர்ச்சுனன் என்பது நான்தான். வேலை கேட்டது என் மகள். அவள் பெயர் லோகேஸ்வரி. நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டதால் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், அவளுடையது இல்லை. நல்ல பெண், நன்றாகப் படிக்கிற பெண். உங்கள் பதிலுக்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் காத்திருக்கிறாள்.

அப்பா மூச்சு வாங்க நிறுத்தினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பு இல்லை, நிறுத்த முடியாத சிரிப்பு. ஐஸ்கிரீம் வேலைக்கு ஏன் இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார் என்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். வேலை வேண்டாம் போலிருக்கிறது என்று அடுத்த மாணவரின் விவரத்தை மேசை மேல் எடுத்தும் வைத்துவிட்டாராம். சாப்பிட்டு வந்ததும் அந்த மாணவரைக் கூப்பிட இருந்தாராம்.

“இன்னும் கூப்பிடவில்லை. உங்கள் மகளின் இடம் அப்படியே இருக்கிறது” என்றார்.

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் விட்ட பெருமூச்சு அயர்லாந்துக்கே கேட்டிருக்கும்.

“நான் லோ… கேஸ்… வரியிடம் பேசலாமா?” என்று அந்த அம்மையார் எழுத்துக் கூட்டிக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா நெற்றியில் திருநீற்றோடு பின்வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே அம்மாவும் வந்தார். அப்பா கைப்பேசியை இரண்டு கையாலும் நீட்டினார்.

“உனக்குத்தாம்மா. லோகேஸ்வரின்னு கேக்குறாங்க.”

அக்கா வாங்கி, ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தாள். “யெஸ்” என்றாள். மறுபடி “யெஸ்” என்றாள். அப்புறம் “தேங்க் யூ, தேங்க் யூ” என்று சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஒன்றும் புரியாத அம்மாவும் சேர்ந்து அழுதார். “கெடைச்சிருச்சும்மா” என்று நான் காதில் சொன்னதும் இன்னும் கொஞ்சம் அழுதார்.

வைப்பதற்கு முன் ஃபியோனா ஏதோ கேட்டார் போலிருக்கிறது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “லோகேஸ்வரி அர்ச்சுனன். ரெண்டு பேரையும் போடுங்க” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

கைப்பேசியை வைத்ததும் அவளுடைய முதல் கேள்வி, “இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் சொல்லச் சொன்னாங்க. யாரு இன்ஸ்பெக்டர்?”

அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார். காவலாளி சல்யூட் அடித்ததைக்கூட விடவில்லை.

“அப்பா!” என்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. “ஐயோ, போயிருந்தா என்னாப்பா பண்ணியிருப்பேன்!” என்று நெஞ்சில் கை வைத்தாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“கண்டுபிடிச்சது உன் தங்கச்சிதான். அவ இல்லன்னா இந்நேரம் எல்லாம் போயிருக்கும்” என்றார் அப்பா.

அக்கா என்னையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்ததில் எனக்கு மூச்சே முட்டியது. ஆனால் நான் விடச் சொல்லவில்லை.

“கடைசியா என்னா கேட்டாங்க?” என்றேன்.

“அங்க போட்டுக்கிற வெள்ளைக் கோட்டுல பேரு தைக்கணுமாம். என்ன பேரு போடட்டும்னு கேட்டாங்க.”

அப்பா கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். “அதுல எதுக்கும்மா என் பேரு? கெடுக்கப் பாத்தவனே நான்தான்.”

“உங்க பேரைச் சொல்லித்தானேப்பா வேலையே வந்துச்சு” என்றாள் அக்கா.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா பல நாளைக்குப் பிறகு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னாங்க, தனியா சிரிக்கிறீங்க?” என்று அம்மா கேட்டார்.

“ஒன்னுமில்ல. என் பேரு அயர்லாந்துக்கு ஐஸ்கிரீம் செய்யப் போகுது” என்றார் அப்பா. “நான் மட்டும் நாளைக்குக் காலையில வழக்கம்போல சுங்கை காடுட் போவணும்!”